தூங்காத பிள்ளை: திமிர் அல்ல, நோய்!

உங்கள் வீட்டுப் பையனுக்குப் பதினாறு வயது. நாலு நாளாக அவன் சரியாகத் தூங்கவில்லை. இரவு இரண்டு மணிக்குப் படுக்கிறான். நாலு மணிக்கெல்லாம் எழுந்துவிடுகிறான். ஆனால் முகத்தில் களைப்பு இல்லை. கண் பளபளக்கிறது. ஓயாமல் பேசுகிறான். ஒரு பேச்சை முடிப்பதற்குள் அடுத்த பேச்சுக்குத் தாவுகிறான். நோட்டு நோட்டாக எழுதித் தள்ளுகிறான். நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

"அரையாண்டுப் பரீட்சை வருகிறது, பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது" என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்து நல்ல பேனா ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன்.

அது பொறுப்பு அல்ல, நோய். அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. பெங்களூரில் நம்மைப்போல் பிழைக்க வந்த எத்தனையோ வீடுகளில் இதே தவறு நடக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன். "பேரு, ஊரு வேணாம் தம்பி. விஷயத்த மட்டும் எழுது. இன்னொரு வீட்டுக்காச்சும் உபயோகப்படட்டும்" என்று பையனின் தாயார் சொன்னார். பையனும் சம்மதித்தான்.

ஆறு மாதத்தில் இரண்டு பையன்

பையனின் தகப்பனார் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். நான் பார்சல் ஆபீஸ் கிளார்க். எங்கள் குவார்ட்டர்ஸ் எதிர் எதிரே. அவர்கள் தர்மபுரிப் பக்கம். பையன் அப்போது முதல் வருடம் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தான். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான்.

ஆகஸ்டு மாதத்தில் அவன் மெல்ல மெல்ல அடங்கிப் போனான். கிரிக்கெட் ஆடப் போகவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவான். பகல் பன்னிரண்டு மணி வரை படுக்கையில் கிடப்பான். கேட்டால் வயிற்றுவலி என்பான், இல்லாவிட்டால் எரிந்து விழுவான். இரவு டூட்டி முடித்து வந்த தகப்பனார் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்து, "சோம்பேறி" என்று பெல்ட்டால் அடித்தார். பக்கத்துத் தெரு டாக்டர் ஒருவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறு எதுவும் விசாரிக்கவில்லை.

டிசம்பரில் பையன் எழுந்தான். எழுந்தான் என்று சொல்வதைவிடப் பறந்தான் என்றே சொல்ல வேண்டும். இரவெல்லாம் எழுத்து. பெங்களூரில் ஏறினால் அரை மணியில் தர்மபுரியில் இறக்கிவிடும் ரயிலுக்குப் படம் போட்டு, ரயில்வே மந்திரிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னான். தன் சைக்கிளைத் தள்ளுவண்டித் தோசைக்காரர் மகனுக்குத் தானம் கொடுத்துவிட்டான். அப்பாவின் போனில் பதினோராயிரம் ரூபாய்க்கு ஷூக்கள் வரவழைத்தான். நான் பேனா வாங்கிக் கொடுத்தது இந்த நாட்களில்தான்.

பத்தாம் நாள் வீட்டில் பெரிய சண்டை. டி.வி.யை உடைத்துவிட்டு நடுராத்திரியில் வெளியே போனவனை, பிளாட்பாரத்திலிருந்து ஆர்.பி.எஃப். போலீஸ்காரர் ஒருவர் கூட்டிவந்து விட்டார்.

அப்போது நான் கொடுத்த யோசனையை இங்கே மறைக்க விரும்பவில்லை. "குலதெய்வத்துக்கு ஏதோ குறை வெச்சிருப்பீங்க அண்ணே. ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். டிக்கெட்டும் நானே எடுத்துக் கொடுத்தேன். ஊரில் கோடாங்கி வந்தார். செய்வினை என்றார். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். ஓடாமல் இருக்கக் கயிற்றாலும் கட்டினார்கள். ஐந்து வாரம் போயிற்று. பையன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான்.

பிறகுதான் அரசாங்க மனநல ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் முதலில் கேட்டது, "எந்தத் தேதியிலிருந்து தூக்கம் குறைந்தது? ஒரு ராத்திரிக்கு எத்தனை மணி நேரம் தூங்கினான்?" என்பதுதான். அப்பா, அம்மா, நான் மூவருமே விழித்தோம். பார்சலுக்கு வந்த நேரம், போன நேரம், எடை எல்லாம் தினமும் ரிஜிஸ்டரில் எழுதுகிறவன் நான். எதிர்வீட்டுப் பிள்ளையின் தூக்கம் எப்போது போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு முனை என்றால் என்ன?

நோயின் பெயர் பைபோலார். தமிழில் இருமுனைக் கோளாறு என்கிறார்கள். பழைய டாக்டர்கள் மேனிக் டிப்ரெஷன் என்பார்கள். மனம் ஒரு காலத்தில் அளவுக்கு மீறி மேலே போகும். அது எழுச்சி முனை. இன்னொரு காலத்தில் பாதாளத்துக்கு இறங்கும். அது சோர்வு முனை. இடையில் பையன் பழைய பையனாகவே இருப்பான். அதனால்தான் வீட்டார் ஏமாந்துவிடுகிறார்கள்.

காலையில் சிரித்து மாலையில் அழுதால் அது பைபோலார் ஆகிவிடாது. வளரும் வயதில் அது சகஜம். எழுச்சி என்று டாக்டர்கள் முடிவு செய்ய, அந்த நிலை நாளின் பெரும்பகுதி என்று ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும். அட்மிட் பண்ணும் அளவுக்குக் கடுமையாக இருந்தால் ஒரு வாரம் காத்திருப்பதில்லை. இதைவிட லேசான எழுச்சியும் உண்டு. அதற்குக் கணக்கு நாலு நாள். சோர்வுக்குக் கணக்கு இரண்டு வாரம். சிலருக்கு இரண்டும் கலந்தும் வரும். உடம்பு துடிக்கும், மனம் செத்துப்போகலாம் என்று சொல்லும். அது மிகவும் அபாயமான நிலை.

இந்த நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில்தான் முதலில் தலைகாட்டுகிறது. பரீட்சை, வேலை, முதல் காதல் எல்லாம் வரும் அதே வயது. எனவே பழியை அவற்றின் மேல் போட்டுவிடுவது சுலபம்.

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் சுமார் 40,000 பேரிடம் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. பெரியவர்களில் இருநூறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்த நோய்க்கு ஆளாகிறார் என்று அதில் தெரிந்தது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சை பெறவே இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

முதல் அடையாளம் தூக்கம். தூக்கம் வராமல் புரண்டு, காலையில் சோர்ந்து கிடப்பது வேறு. இரண்டு மூன்று மணி நேரமே தூங்கிவிட்டு, மறுநாள் முழுக்கக் குதிரை மாதிரி ஓடுவது வேறு. இரண்டாவது வகையைப் பார்த்தால் உடனே உஷாராக வேண்டும்.

அதோடு சேர்ந்து வருபவை: நிறுத்த முடியாத வேகப் பேச்சு. தன்னால் முடியாதது இல்லை என்ற பெருமிதம். கையில் இருக்கும் பணத்தையும் பொருளையும் வாரி இறைப்பது. வயதுக்கு மீறிய ஆண்–பெண் பேச்சு. வண்டியை வேகமாக ஓட்டுவது போன்ற பயமில்லாத காரியங்கள். தடுத்தால் சீற்றம். நோய் முற்றினால், காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்றும் சொல்லலாம். பேய் பிடித்துவிட்டது என்று நம்மவர்கள் முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான்.

சோர்வு முனையில், பெரியவர்களைப் போல் பிள்ளைகள் "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். தலைவலி, வயிற்றுவலி என்பார்கள். எரிச்சல்படுவார்கள். விளையாட்டு, சினிமா, நண்பர்கள் எல்லாம் கசந்துபோகும். மார்க் விழும். நாள் முழுக்கத் தூங்குவார்கள், அல்லது தூக்கமே இருக்காது. "நான் இருந்து என்ன?" என்ற பேச்சு வரும்.

எந்த அடையாளமாக இருந்தாலும், அது பிள்ளையின் பழைய குணத்திலிருந்து பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். சிறு வயது முதலே துறுதுறுவென்று இருந்து, ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு இருப்பது கவனக்குறைவுக் கோளாறாக இருக்கலாம். அது நாள்தோறும் ஒரே மாதிரி இருக்கும். பைபோலார் அலை அலையாக வரும். தைராய்டு கோளாறு, வலிப்பு, கஞ்சா போன்ற போதைப் பழக்கம், சில ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவையும் இதே போன்ற மாற்றத்தை உண்டாக்கும். ஆகவே டாக்டர் அவற்றையும் சோதிப்பார்.

சின்னக் குழந்தைகளுக்கு அவசர முத்திரை வேண்டாம்

எட்டு வயதுப் பிள்ளை அடம் பிடித்துத் தரையில் புரண்டால், அதற்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது. பத்து வயதுக்குள் இந்த நோய் மிக அரிது.

இந்த விஷயத்தில் அமெரிக்காவின் அனுபவம் ஒரு பாடம். அங்கே 1994-95-க்கும் 2002-03-க்கும் இடையில், இளம் வயதினர் பைபோலார் என்ற பெயரில் டாக்டரிடம் போன எண்ணிக்கை சுமார் 40 மடங்கு உயர்ந்ததாக 2007-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நோய் ஏழெட்டு வருடத்தில் 40 மடங்கு பெருக முடியுமா? நாள்தோறும் கோபமாகவே இருக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்து, பலமான மருந்துகளைக் கொடுத்துவிட்டார்கள் என்று டாக்டர்களே விவாதித்தார்கள். அப்படி ஓயாத எரிச்சலில் வளரும் குழந்தைகளுக்குப் பின்னாளில் வருவது பெரும்பாலும் பைபோலார் அல்ல, மனச்சோர்வும் பதற்றமும்தான் என்று ஆராய்ச்சிகள் காட்டின. 2013-ல் அமெரிக்க மனநல டாக்டர்கள் தங்கள் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, அந்தக் குழந்தைகளுக்கு வேறு பெயரில் தனிப் பிரிவே ஏற்படுத்தினார்கள்.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரரோ, போனில் பார்த்த வீடியோவோ, இந்தக் கட்டுரையை எழுதும் நானோ இதை முடிவு செய்ய முடியாது. இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. வீட்டார் சொல்லும் தகவலும், டாக்டர் பிள்ளையோடு பேசிப் பார்ப்பதும்தான் பரிசோதனை.

யார் குற்றம்?

"நாங்க ரெண்டு பேரும் வேலை வேலைன்னு இருந்துட்டோம். அதனாலதான் வந்துச்சா?" என்று தாயார் கேட்டார். இல்லை. வளர்ப்பினால் இந்த நோய் உண்டாவதில்லை. செய்வினையாலும் இல்லை. பரம்பரைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இருக்கலாம். அதாவது தொண்ணூறு பேருக்கு வராது. டாக்டர் துருவிக் கேட்ட பிறகுதான், ஊரில் ஒரு பெரியப்பா "சாமியாராகப் போய்விட்ட" கதை வெளியே வந்தது. மூத்த பெண்ணின் கல்யாணம் தடைபடுமே என்று அதை இவ்வளவு நாள் மூடி வைத்திருந்தார்கள்.

வளர்ப்பினால் நோய் வராது. ஆனால் வந்த நோய் திரும்பத் திரும்ப வருவதற்கு வீட்டுச் சூழ்நிலையும் காரணமாகும். ஓயாத ஏச்சும் கூச்சலும் நிறைந்த வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது. தூக்கம் கெடுவதும் அப்படித்தான். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தாலும் சிலருக்கு எழுச்சி கிளம்பிவிடும். எங்கள் பையனுக்கு அதுவே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் சோர்வுக்காகப் போகும்போது, "முன்பு எப்போதாவது தூங்காமல் துள்ளித் திரிந்தானா? குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்.

கல்லிலிருந்து வந்த மருந்து

பையனுக்குக் கொடுத்த முக்கிய மாத்திரை லித்தியம். ஆம், நம் கைப்பேசி பேட்டரியில் இருக்கிறதே, அதே லித்தியம்தான். கல்லிலும் உப்புநீரிலும் கிடைக்கும் ஒரு பொருள். அதன் உப்புதான் மருந்து.

இதைக் கண்டறிந்தவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை வருடம் ஜப்பானியரின் கைதியாக இருந்தவர். ஊர் திரும்பி, மெல்போர்ன் அருகே ஓர் ஆஸ்பத்திரியில் கினிப் பன்றிகளுக்கு இந்த உப்பை ஊசி போட்டுப் பார்த்தபோது அவை அமைதியாயின. தானும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, எழுச்சி நிலையில் இருந்த பத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். முடிவை 1949-ல் வெளியிட்டார். முக்கால் நூற்றாண்டு கடந்தும் இந்த நோய்க்கு இது முன்வரிசை மருந்தாகவே இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் அபாயத்தையும் குறைக்கிறது. இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உண்டு.

ஆனால் இது கவனமாகச் சாப்பிட வேண்டிய மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பெரும்பாலும் 0.6-க்கும் 1.2-க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் பலன் இல்லை, கூடினால் விஷம். கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

வாந்தி, பேதி, கடும் வியர்வை, தண்ணீர் குடிக்காத விரதம், திடீரென்று உப்பைக் குறைப்பது ஆகியவை ரத்தத்தில் லித்தியத்தைக் கூட்டிவிடும். கடையில் கேட்டு வாங்கும் சில வலி மாத்திரைகளும், உதாரணமாக ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை, அப்படியே செய்யும். கை பலமாக நடுங்கி, நடை தள்ளாடி, நாக்கு குழறினால் அடுத்த மாத்திரை போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

லித்தியம் தவிர வேறு மருந்துகளும் உண்டு. அவற்றில் வால்ப்ரோயேட் என்பதைப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அதுபற்றி டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் அது சிசுவைப் பாதிக்கும்.

"நல்லாயிட்டான்" என்று மாத்திரையை நாமாக நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. திடீரென்று நிறுத்தினால் நோய் பழைய வேகத்தோடு திரும்பும். மருந்தோடு, பிள்ளையையும் வீட்டாரையும் சேர்த்து உட்கார வைத்து ஆலோசனை சொல்வதும் சிகிச்சையில் ஒரு பாகம். எங்கள் பாயிண்ட்ஸ்மேன் அண்ணன் பெல்ட்டை எடுத்து வைத்தது அந்த ஆலோசனைக்குப் பிறகுதான்.

கேட்கத் தயங்காதீர்கள்

செத்துப்போகிறேன் என்று சொல்லும் பிள்ளையை "சும்மா மிரட்டுகிறான்" என்று விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். கேட்டால் பாரம் இறங்கும். பதில் ஆம் என்றால் தனியே விடக் கூடாது. மாத்திரைகளைப் பூட்டி வைத்து, பெரியவர் ஒருவர் கையால் கொடுக்க வேண்டும். அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

கயிறும் சங்கிலியும் வேண்டாம்

2001 ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் மாண்டார்கள். அதை நம் மக்கள் மறக்கக் கூடாது.

2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பெற்றோரோ பொறுப்பாளரோ கூடவே தங்க வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே "பிள்ளையைப் பிடுங்கி அடைத்துவிடுவார்கள்" என்ற பயம் வேண்டாம்.

சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே தமிழக அரசு பின்னாளில் டாக்டர்களை உட்கார வைத்து, பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க வழி செய்தது. விபூதியும் பூசலாம், மாத்திரையும் சாப்பிடலாம். ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

எங்கே போவது?

பெங்களூர்த் தமிழர்களுக்கு ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மைசூர் அரசின் மனநல ஆஸ்பத்திரியும் 1974-ல் இணைந்து உருவானது இது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவே உண்டு. தமிழ்நாட்டிலிருந்தும் தினமும் ஜனங்கள் வருகிறார்கள். பழைய மருந்துச் சீட்டுகள், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் கையில் எடுத்துப் போங்கள். ரயில்வே ஊழியர்கள் ரயில்வே ஆஸ்பத்திரியிலும், ஆலைத் தொழிலாளர்கள் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் சீட்டு வாங்கி ஆரம்பிக்கலாம்.

லீவு கிடைக்காதவர்கள் முதலில் போனிலாவது பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

கோடு போட்ட நோட்டு

டாக்டரின் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்த அன்று மாலை, நான் ஒரு நீள நோட்டு வாங்கி, பார்சல் ரிஜிஸ்டர் மாதிரி கட்டம் போட்டுக் கொடுத்தேன். தகப்பனாருக்குப் பாதி நாள் இரவு டூட்டி. தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்கும் வழி செய்தோம். தூங்கிய ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோடு. மாத்திரை சாப்பிட்டால் ஒரு புள்ளி. சண்டை போட்டால் ஒரு பெருக்கல் குறி. சிரித்து விளையாடினால் ஒரு வட்டம். தேதியை மட்டும் மகள் எழுதுவாள்.

ஒரு வருடம் ஒழுங்காகப் போயிற்று. ஒரு நாள் விடியற்காலை ஆறு மணிக்கு அந்தம்மா நோட்டும் கையுமாக வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, ரெண்டு நாளா மூணு கோடுதான் வருது. புள்ளி நான் வெச்சிருக்கேன், ஆனா அவன் முழுங்கினானான்னு தெரியல."

பையனைக் கேட்டோம். மாத்திரையால் கை லேசாக நடுங்குகிறது, காலேஜில் கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள் என்று பத்து நாளாக வாயில் ஒதுக்கித் துப்பியிருக்கிறான். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அவர் கேட்காமலே பதில் அதில் இருந்தது. ரத்தம் சோதித்து, நடுக்கம் குறையும்படி மருந்தை மாற்றிக் கொடுத்தார். அட்மிட் பண்ண வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு வாரத்தில் கோடுகள் ஏழு, எட்டு என்று ஏறின. முதல் தடவை இரண்டு மாதமும் பதினோராயிரம் ரூபாயும் ஒரு படிப்பு வருடமும் போன இடத்தில், இந்தத் தடவை ஒரு நாள் லீவோடு முடிந்தது.

நோய் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை வியாதி மாதிரி, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பையனுக்கு இப்போது பதினெட்டு வயது. இரண்டாம் வருடம் பி.யு.சி. படிக்கிறான். இரவு பத்து மணிக்குப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுகிறான். கோடுகளை இப்போது அவனே போடுகிறான். நான் வாங்கிக் கொடுத்த பேனாதான். ஆனாலும் காலையில் அவன் காலேஜுக்குப் போன பிறகு, அந்தம்மா நோட்டை எடுத்து விரல் வைத்து ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறார்.

நேற்றைய கணக்கு: எட்டு கோடு, ஒரு புள்ளி, ஒரு வட்டம்.